பிக்கரிங்கில் பிள்ளையாருக்குப் பூப் பறிக்கப் போனது

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஆனால் கண்ணால் காணாத ஒன்றைப் பற்றி நான் கதைப்பதில்லை.

மூத்தவன் ரவி இங்கே கனடாவில், பிக்கரிங்கில் புது வீடொன்றுக்குப் பதிந்து வைத்திருக்கிறான். வீடு எழும்ப வேண்டிய வெளியில் ஒரு வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிறதாம். அருகி வரும் பூச்சி என்று சட்டம் அதையும் அந்த வெளியையும் காக்கிறது. அந்தக் காப்பை நீக்குவதா என்று இப்போது அரசாங்கத்தார் எல்லோரிடமும் கருத்துக் கேட்கிறார்கள்.

"ஒரு பூச்சிக்காக நாங்கள் இன்னும் வாடகைப் பேஸ்மென்ரிலை கிடக்கிறதோ?" என்று ரவி பொரிந்து தள்ளினான்.

அப்படி என்ன பூச்சி என்று பார்க்க, சனிக்கிழமை அவன் மகள் அபியோடு புறப்பட்டேன்.

காலை ஒன்பது மணிக்கு, நாங்கள் இருக்கும் ஸ்காபரோவில் ரயில் ஏறினோம். வலப்பக்கம் ஏரி கூடவே வந்தது. பிக்கரிங்கில் இறங்கி ஒரு பஸ், பிறகு நடை. இடுப்பளவு புல்லுக்குள் இளஞ்சிவப்புப் பூங்கொத்துகள். தடித்த இலையைக் கண்டதும் எருக்கலையின் இனம் என்று தெரிந்துவிட்டது. பிள்ளையாருக்கு மாலை கட்டலாமே! ஒரு கொத்தை ஒடித்தேன். பால் வழிந்தது.

"அம்மா, உதிலை கை வையாதேங்கோ!" வெளியைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர் ஓடி வந்தார். றீற்றா என்று பெயர், மன்னார்ப் பெண்பிள்ளை.

"பிள்ளையாருக்குத்தான், பிள்ளை."

"அவருக்கு றிச்மண்ட் ஹில் கோயிலிலை மோதகம் கிடைக்கும். இவருக்கு உது ஒண்டுதான் சாப்பாடு."

இலையைத் திருப்பிக் காட்டினார். மஞ்சள், கறுப்பு, வெள்ளை வரிகளோடு ஒரு புழு விளிம்பைக் கொறித்துக்கொண்டிருந்தது. அதுதான் வண்ணத்துப்பூச்சியாகுமாம்.

"வேறை இலை வைச்சால்?"

"பட்டினி கிடந்து சாகும், தின்னாது."

"எங்கட ரவி மாதிரி. புட்டில்லாட்டி இறங்காது."

"அப்பா பீட்சாவும் சாப்பிடுவார், அப்பம்மா," என்றாள் அபி.

நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் வேலியோரம் வெட்ட வெட்ட முளைக்கிற செடி. இங்கே அதன் தங்கச்சிக்குச் சட்டம் காவல் நிற்கிறது. ஒடித்த கொத்தை அதன் அடியிலேயே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

ரவி வேறு இடத்தில் வீடு பார்க்கலாம். அந்தப் புழுவால் வேறு இலை பார்க்க முடியாது. ஆகவே சட்டம் அப்படியே இருக்கட்டும். கருத்துக் கேட்கிறவர்களுக்கு இதை அபி இங்கிலீசில் மாற்றி அனுப்புவாள்.

நான் சொன்னதெல்லாம் எழுதிப்போட்டியோ, அபி? ஒருக்கா வாசி. உரத்து வாசி, குசினியிலை சமைச்சுக்கொண்டு நிக்கிற கொப்பர் ரவிக்கும் கேக்கட்டும்.