அவர் முன்னால் நடந்த வீடு

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். பினாங்கு ஜார்ஜ் டவுனில் நாங்கள் வீடு தேடி அலைந்த நாட்கள். அப்போது லிஃப்ட் இல்லாத ஒரு பழைய அடுக்குமாடியில், நாலாவது மாடியில் குடியிருந்தோம். என் கணவருக்குக் கண்பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. மிச்சம் இருப்பதும் நிலைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன். பார்வை முழுதாகப் போவதற்குள் படியில்லாத ஒரு வீட்டுக்கு மாறி, அதில் அவர் தனியாக நடமாடப் பழகிவிட வேண்டும். எனக்கு இருந்தது இந்த ஒரே கவலைதான்.

ஆனால் மனுஷருக்கு ரோஷம் அதிகம். "கண்ணு தெரியலன்னு எந்த ஏஜெண்டுகிட்டயும் சொல்லாத. பாவப்பட்டுக் காட்டுற வீடு எனக்கு வேணாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி மிடுக்காக என்னோடு வருவார்.

எனக்கோ காலி வீட்டுக்குள் காலை வைத்தாலே ஒரு மயக்கம் வந்துவிடும். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டே இங்கே சாமி படம், அங்கே சோபா, ஜன்னலோரம் மல்லிகைத் தொட்டி என்று மனசுக்குள் குடித்தனமே நடத்திவிடுவேன். எல்லாக் கனவிலும் ஜன்னலுக்கு வெளியே கடல் இருக்கும்.

முதல் ஏஜெண்ட் ஒரு இளைஞர். லிஃப்ட் உள்ள உயரமான மாடி ஒன்றின் பால்கனியில் எங்களை நிறுத்தி, "அங்கிள், அங்க பாருங்க, ஃபெர்ரி போகுது! இந்த மாதிரி வியூ எங்கயும் கிடைக்காது லா" என்றார். இவர் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆமா தம்பி, ரொம்ப அழகா இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தத் தம்பி கைபேசியில் மூழ்கியிருந்ததால் ஒன்றும் கவனிக்கவில்லை. அடுத்து வந்தவர் என்னோடு மட்டும் பேசினார். இவரை ஏதோ நான் கடையில் வாங்கிய சாமான் மாதிரி ஓரமாக நிற்க வைத்துவிட்டார்.

மூன்றாவதாகக் கிடைத்தவர் ஒரு தமிழ் முஸ்லிம் பெண்மணி. எங்கள் வயதுதான் இருக்கும். ஜெலுத்தோங் பகுதியில் ஒரு வேலியில் கட்டியிருந்த விற்பனைப் பலகையில் அவர் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டேன். வீடு காட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. நாம் உள்ளே நுழைவதற்கு முன் எல்லா விளக்கையும் போட்டு வீட்டைப் பளிச்சென்று ஆக்கிவிடுவார்கள். அன்று அவர் சுவிட்சுகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒன்றும் எரியவில்லை.

"ஐயோ, கரண்ட வெட்டிட்டாங்க போல. சாரிக்கா" என்று கைப்பையில் போனைத் தேடினார். உள் அறையின் ஜன்னலைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். உள்ளே கும்மிருட்டு. நானும் அந்தப் பெண்மணியும் வாசலிலேயே நின்றுவிட்டோம். என் கணவர் எங்களைத் தாண்டி சாதாரணமாக உள்ளே போனார். எதிர்ச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரூம் விசாலமா இருக்கே" என்றார்.

அந்தப் பெண்மணி போன் விளக்கை அவர் முதுகின் மேல் அடித்தார். இவர் திரும்பவே இல்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். போச்சு, இனி 'ஐயோ பாவம்' ஆரம்பிக்கும் என்று நினைத்தேன். அவர் விளக்கை அணைத்துவிட்டார்.

"அண்ணே, அப்படியே முழு வீட்டையும் பாத்துட்டு வாங்க. நாங்க இங்கயே நிக்கிறோம். பாத்ரூம் வாசல்ல மட்டும் ஒரு படி இருக்கு."

இருட்டில் நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். என் கணவரின் உள்ளங்கை சுவரில் உரசிப் போகும் சத்தம், ஒரு கதவு திறக்கும் சத்தம், குழாயில் வராத தண்ணீரின் உறுமல். அரைத் தூக்கத்தில் கேட்பதுபோல் எல்லாம் எங்கோ தொலைவில் கேட்டது. எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. திரும்பி வந்தவர் குரலில் பல மாதமாக நான் கேட்காத ஒரு தெளிவு. "இது வேணாம். குகை மாதிரி இருக்கு, வெளிய ஒண்ணுமே கேக்கல" என்றார்.

வீடு வேண்டாம் என்று ஆனது. ஏஜெண்ட் இவர்தான் என்று முடிவாகிவிட்டது.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவர் விளக்கைப் போடவில்லை. எங்களுக்கு முன்பே வந்து, வெளிச் சத்தம் கேட்கட்டும் என்று ஓடுகிற மின்விசிறியை நிறுத்தி வைப்பார். படி எங்கே என்று மட்டும் சொல்வார். என் கணவர் முன்னால் போவார், நாங்கள் பின்னால் போவோம்.

அப்படி ஒருநாள் ஒரு சந்துக்குள் தரைவீடு ஒன்று பார்த்தோம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். எனக்கு முகம் தொங்கிவிட்டது. இவரோ சமையலறை வாசலில் நின்றவர் நின்றவர்தான்.

"பின்னால யாரோ தாளிக்கிறாங்க. அந்தப் பக்கம் ஸ்கூல் விடுது. காத்துல உப்பு வாசனை வருது, கடல் பக்கந்தான். இங்க இருந்தா மணி என்னன்னு நான் யாரையும் கேக்க வேணாம்" என்றார்.

நான் ஏஜெண்டின் காதில், "வெறும் சுவருதானே தெரியுது" என்று முணுமுணுத்தேன். "அக்கா, வியூ வேணும்னா வேற காட்டுறேன், அது சூசா இல்ல, ஈசிதான். ஆனா பகல் முழுக்க வீட்டுல இருக்கப் போறது யாரு?" என்றார் மெதுவாக. என் கடல் கனவை அங்கேயே விழுங்கிக்கொண்டேன்.

அந்த வீட்டைத்தான் வாங்கினோம். அடுத்த வருடமே என் கணவரின் பார்வை முழுதாகப் போய்விட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் நான் கூடத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். அவர் சமையலறையிலிருந்து, எதிலும் மோதாமல், சொட்டும் சிந்தாமல் காப்பி கொண்டுவந்து நேராக என் முன்னால் நின்று, "ஆறிடும், குடி" என்றார்.

கண் போன பிறகும் என் வீட்டுக்காரருக்கு ஒரு வீடு முழுதாக மிச்சம் இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பெண்மணியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.