கண்டிச் சீமைக் காகிதங்கள்

அந்தத் தகரப் பெட்டி வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஏழாம் மாதம். அறுபதுகளின் கடைசி. திருச்சுழியில் அப்பா வீட்டு உள்ளறைக் கட்டிலில், எழுந்து நடமாடக் கூடாது என்ற கட்டளையோடு படுத்திருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் முதல் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. அதனால் இந்த முறை அருப்புக்கோட்டை டாக்டரம்மா ஆறாம் மாதத்திலேயே பள்ளிக்கு லீவு போடச் சொல்லிவிட்டார். நான் அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. கணவருக்கு வெளியூரில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

படுத்தே கிடப்பவளுக்குப் பயப்படுவதைத் தவிர வேறென்ன வேலை? வயிற்றில் பிள்ளை அசைந்தால் பயம், அசையாவிட்டால் அதைவிடப் பயம். அந்த வருஷம் மழையும் இல்லை. குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டுதான் குடத்தை நிறைக்க வேண்டும். அம்மா காலையில் போனால் வெயில் ஏறித்தான் திரும்புவாள். அதுவரை வீட்டில் நானும் என் எண்ணங்களும்தான்.

அப்பாவுக்கு மல்லியும் மிளகாய் வத்தலும் வாங்கி விற்கிற கடை. பெரியப்பா காலமான பிறகு பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்தார்கள். பாத்திரம், பீரோ, மரச்சாமான் எல்லாம் ஆளுக்கொன்றாகப் போக, யாரும் கேட்காத தகரப் பெட்டி ஒன்று அப்பாவிடம் வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தால் பழங்காகிதம். அப்பா அதை என் கட்டிலுக்கு அருகே வைத்தார்.

"எங்க தாத்தா கண்டிச் சீமைல கடை வச்சிருந்தாகன்னு எங்க அய்யா சொல்லுவாக. அங்கயிருந்து எழுதுனது போல. எனக்கு ஒரு வரி ஓடல. நீதான் புலவருக்குப் படிச்சவ, வாசிச்சுச் சொல்லு. பொழுதும் போகும்."

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பிள்ளத்தாச்சி கையில செத்தவுக காயிதத்தக் கொண்டாந்து குடுக்கிறீகளே" என்றாள். அப்பா சிரித்துக்கொண்டே கடைக்குப் போய்விட்டார்.

பத்தொன்பது கடிதங்கள் இருந்தன. தாது வருஷத்தில் தொடங்கி மூன்று வருஷத்துக்கு எழுதியவை. தாது வருஷம் என்றால் எங்கள் பக்கத்தில் விளக்கம் தேவையில்லை; பஞ்சம் என்றாலே அந்தப் பெயர்தான் வாயில் வரும். அப்பாவின் தாத்தா, எனக்குப் பூட்டன், அப்போது இலங்கைக் காப்பித் தோட்டம் ஒன்றில் கடை போட்டிருந்தார். கடிதங்களைத் திருச்சுழியில் இருந்த மைத்துனருக்கு எழுதியிருந்தார். ஒவ்வொன்றிலும் "தங்கைக்கு வாசித்துக் காட்டவும்" என்று ஒரு வரி. பூட்டிக்கு எழுத்துத் தெரியாது.

பழைய கையெழுத்து. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. நெடிலுக்கு இரட்டைக்கொம்பு கிடையாது. குறிலோ நெடிலோ எல்லாவற்றுக்கும் ஒற்றைக்கொம்புதான். 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் பார்க்க ஒன்றாகவே இருக்கும். இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். முதல் கடிதத்துக்கு எனக்கு ஒரு நாள் முழுக்க ஆயிற்று. மூன்றாவதற்கு வந்தபோது அவர் கை எனக்குப் பழகிவிட்டது.

அந்த மூன்றாவதில்தான், பிள்ளைகள் மூவரும் சுகமா என்று கேட்டிருந்தார்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"மூணு பிள்ளையா? எங்க அய்யா ஒத்தப் பிள்ளைல்ல?"

"தாத்தா அப்பப் பிறக்கவே இல்லப்பா. இது அவுகளுக்கு முன்ன."

"அப்ப அந்த மூணு?"

எனக்குத் தெரியவில்லை. பெரியவன், நடுவுள்ளவள், சின்னப் பிள்ளை என்றுதான் பூட்டன் எழுதுகிறார். பெரியவனைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்கிறார். நடுவுள்ளவளுக்குக் காது குத்தியாயிற்றா என்கிறார். சின்னப் பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தபோது இவர் கப்பல் ஏறியிருக்கிறார்; இப்போது நடக்கிறதா, பேசுகிறதா, என்னை யார் என்று சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று ஒரு கடிதம் முழுக்கக் கேள்வி. இங்கிருந்து போன பதில்கள் எங்களிடம் இல்லை. அவர் கேட்பது மட்டும் காதில் விழுகிறது. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை, அடுத்த கடிதத்தில் அவர் எதற்கு அழுகிறார் என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது.

ஏழாவது கடிதத்தில் பெரியவன் போய்விட்டான். வாந்திபேதி. "பெரியவன் காலமான காகிதம் வந்து சேந்தது" என்று ஒரே வரி எழுதிவிட்டு, மிச்சப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தார். ஒன்பதாவதில் நடுவுள்ளவள். அவளுக்கும் 'காலமான' என்றே எழுதியிருந்தார்.

அன்றே மூடி வைத்திருக்கலாம். அம்மா இரண்டு முறை சொல்லிவிட்டாள். ஆனால் சின்னப் பிள்ளை என்ன ஆயிற்று என்று தெரியாமல் என்னால் படுக்க முடியவில்லை. அந்தச் சின்னவள் பிழைத்திருந்தால் என் பிள்ளையும் பிழைக்கும் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியிருந்தது. இப்படி நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். வகுப்பில் ஒரு பெண் இப்படிச் சொன்னால் கண்டித்திருப்பேன். இருந்தும் அம்மா ஊற்றுக்குப் போனதும் பெட்டியை இழுத்தேன்.

பத்தாவது கடிதத்தின் முதல் வரி: "சின்னப் பிள்ளை செத்த சேதி கண்டேன்."

காகிதத்தை மடித்து வைத்தேன். மேற்கொண்டு ஒரு எழுத்து படிக்கவில்லை. மூத்த இருவருக்கும் காலமானதாக எழுதியவர், இந்தக் கடைசிப் பிள்ளைக்கு வந்தபோது மரியாதைச் சொல் தேடக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டார் என்று நினைத்தேன்.

மத்தியானம்தான் கவனித்தேன், வயிற்றில் அசைவே இல்லை. இடப்பக்கம் திரும்பிப் படுத்தேன். வலப்பக்கம் படுத்தேன். கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லப் பயம். சொன்னால், அந்தக் காயிதத்தப் படிக்காதன்னு சொன்னேன்ல என்பாள்; அது நிஜமாகிவிடும். ஒரு மணி நேரம் சும்மா கிடந்தேன். பிறகு தாங்க முடியவில்லை.

"அம்மா, பிள்ள அசையல."

அம்மா திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கருப்பட்டித் தண்ணீர் கரைத்துக் குடிக்கவைத்தாள். வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். பக்கத்து வீட்டுப் பையனைக் கடைக்கு ஓடவிட்டாள். அப்பா எங்கிருந்தோ ஒரு வாடகைக் காரோடு வந்தார். புறப்படும் அவசரத்தில் அந்தக் கடிதத்தை ஏன் கைப்பையில் போட்டேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. வீட்டில் விட்டுவிட்டுப் போகப் பயந்தேன் என்றுதான் சொல்ல முடியும்.

அருப்புக்கோட்டை வரைக்கும் இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசல். அப்பா முன்னால் உட்கார்ந்து, டிரைவரிடம் "பள்ளம் பாத்துப் போங்க, பள்ளம் பாத்து" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு பிரசவத்தில் இருந்தார். காத்திருக்கச் சொன்னார்கள். பெஞ்சில் அம்மா தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து யாரோ கத்துவது கேட்டது. அதைக் கேட்காமலிருக்க ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. கடிதத்தை எடுத்தேன். அம்மா பார்த்தாள், பிடுங்கவில்லை.

திரும்பவும் அதே வரி. இந்த முறை எழுத்தை மட்டும் பார்த்தேன். செத்த, சேதி. இரண்டு சொல்லும் ஒற்றைக்கொம்பில்தான் தொடங்குகின்றன. இரண்டாவதை நான் யோசிக்காமல் நெடிலாகப் படித்தேன். முதலாவதை ஏன் குறிலாகப் படித்தேன்? இத்தனை நாள் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். இந்த ஒரு சொல்லில் அதைச் செய்யவில்லை. பயம் எனக்கு முந்திப் படித்துவிட்டது.

சேத்த. பிள்ளையைச் சேர்த்த. பூட்டன் சில சொற்களைப் பேச்சு எப்படியோ அப்படியே எழுதுகிறவர்; 'வந்து சேந்தது' என்று எழுதியவர், 'பிள்ளையை' என்பதில் 'ஐ'யையும் பேச்சில் போல விழுங்கியிருக்கிறார். சின்னப் பிள்ளை சேத்த சேதி கண்டேன்.

கீழே படித்தேன். "அவர்கள் கஞ்சி வயிறு நிறைய ஊற்றுகிறார்களா, படுக்க இடம் உண்டா, கேட்டு எழுதவும்" என்று இருந்தது. செத்த பிள்ளைக்கு எதற்குக் கஞ்சி?

"அம்மா, அந்தப் பிள்ள சாகல" என்றேன். "எங்கயோ சேத்துவிட்டிருக்காக."

"எந்தப் பிள்ள?" என்றாள் அம்மா. அவளுக்கு நான் என்ன பேசுகிறேன் என்றே புரியவில்லை. என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

டாக்டரம்மா குழலை வைத்துக் கேட்டுவிட்டு, துடிப்பு நன்றாக இருக்கிறது, பிள்ளை தூங்குகிறது என்றார். அவர் கையை எடுப்பதற்குள் உள்ளே ஒரு உதை. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சக் கடிதங்களை அப்பாவையும் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே படித்தேன். தனியாகப் படிக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தேன். பஞ்சம் முற்றியபோது பாதிரிமார் நரிக்குடிப் பக்கம் கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு ஒரு விடுதியும் வைத்திருக்கிறார்கள். இரண்டைப் பறிகொடுத்த பூட்டி, மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு நடந்துபோய் அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பூட்டனுக்கு அதில் கோபம் இல்லை. "நான் வந்ததும் முதல் வேலையாக அவளைக் கூட்டி வருவேன்" என்று அடுத்தடுத்த கடிதங்களில் எழுதுகிறார். கடைசிக் கடிதம் கப்பல் ஏறப்போவதைச் சொல்கிறது.

"கூட்டியாந்தாகளா?" என்றாள் அம்மா.

பெட்டியின் அடியில், வேறொரு தாளில் சுற்றி, இன்னொரு கடிதம் இருந்தது. இது வேறு கை. அச்சுப் போல் எழுத்து, புள்ளியெல்லாம் வைத்து. "அய்யா அவர்களுக்குத் தங்கள் மகள் எழுதிக்கொள்வது" என்று தொடங்கியது.

அவள் அப்போது அந்த ஊர்ப் பள்ளியிலேயே ஆசிரியை ஆகியிருந்தாள். தம்பி பிறந்து வளர்ந்துவிட்டதைக் கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டதாக எழுதியிருந்தாள். பூட்டன் கப்பலிலிருந்து இறங்கியதும் போயிருக்கிறார். "நீங்கள் மூன்று முறை வந்தீர்கள். நான் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. தாடி வைத்த யாரோ என்னைப் பிடித்துக்கொண்டு போக வந்ததாகப் பயந்தேன். அதை நீங்கள் மனதில் வைக்கக் கூடாது. அம்மாவுக்கு என்மேல் வருத்தமா? ஒரு தரமாவது வரச் சொல்லுங்கள்."

அப்பா அந்தக் கடிதத்தை வாங்கி மடித்தார். பிறகு, "எங்க அய்யா இத நெனச்சாவது பாத்திருப்பாகளா, ஒரு அக்கா இருக்காகன்னு?" என்றார்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாள் தள்ளி, இரண்டு நாள் வலித்து, நல்ல அழுகையோடு பிறந்தது. அழுகையைக் கேட்ட பிறகும் நான் நம்பவில்லை. பல மாதங்கள் அது தூங்கும்போதெல்லாம் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயர் வைத்து ஒரு வாரம் கழித்து அப்பா மகள் எழுதிய அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நரிக்குடி பஸ் ஏறினார். பொழுது சாயும் நேரம் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்தார். பாதிரிமார் கட்டிய கோயில் இருக்கிறது, பள்ளிக்கூடமும் இருக்கிறது. வயதான உபதேசியார் ஒருவருக்கு அவளை ஞாபகம் இருந்தது. அவருக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்ததே அவள்தானாம். கல்யாணம் கட்டவில்லை. கல்லறையைக் காட்டினாராம்.

"நான் வாலிபத்துல அந்த வழியாத்தான் வத்தல் வாங்க வண்டி கட்டிப் போவேன்" என்றார் அப்பா. "அவுக அப்ப உசுரோட இருந்திருக்காக. அந்தப் பள்ளிக்கொடத்து வாசல்ல வண்டிய நிறுத்தித் தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கேன் தாயி. யாரு குடுத்தாகன்னு எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன். ஞாபகம் வரல."

அம்மா குழந்தையை மடியில் போட்டிருந்தாள். "அந்தத் தாய்க்காரி ஒரு தரமாவது போய்ப் பாத்தாளான்னு கேட்டீகளா?"

"கேட்டேன். அதெல்லாம் அவருக்கு முந்தின காலமாம். தெரியலைன்னுட்டாரு."

அம்மா அன்றைக்கு என்னைப் பெட்டியை மறுபடியும் திறக்கச் சொன்னாள். இருபது கடிதங்களையும் ஒன்றொன்றாக எடுத்து, முன்னும் பின்னும் பார்த்தோம். மடிப்புகளைக்கூடப் பிரித்துப் பார்த்தோம். பூட்டி போனாளா இல்லையா என்பதற்கு ஒரு வரியும் அகப்படவில்லை.