தலையாலங்கானத்துக் களத்தில் சீனியம்மாள்

எண்திசைக் காவலரையும் படைநடத்தி வென்றவளை அரசியாகக் கொண்ட ஊர் மதுரை. ஆண்டுதோறும் சித்திரையில் அவ்வெற்றியை வீதியிலே நிகழ்த்திக் காணும் மக்களுக்குப் போர்க்களம் புதிதன்று. ஆகவே, ஆனைமலைக்குக் கிழக்கே தரிசாய்க் கிடந்த நிலத்தில் தலையாலங்கானப் போரைப் படம்பிடிக்க வந்தவர்கள் படைக்கு ஆள் தேடி அலையவில்லை. ஒத்தக்கடையிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். பாண்டியன் ஒருவன், அவனை எதிர்த்தோர் எழுவர். இருபக்கமும் மாண்டவர் எல்லாம் மதுரைக்காரர்.

அவர்களோடு வந்தவள் சீனியம்மாள். கல்லூரி விடுதிச் சமையற்கட்டில் அவளுக்கு வேலை. படப்பிடிப்பு உண்டென்று ஏஜெண்ட் அழகுபாண்டி சொல்லியனுப்பினால் விடுப்பு எடுத்துக்கொண்டு வருவாள். போர்ப் படம் எதுவாயினும் அவளுக்கு ஒரே வேடம்: களம் ஓய்ந்தபின் பிணங்களைப் புரட்டிக் கணவனைத் தேடும் பெண். மார்பில் அறைந்துகொள்வாள், மண்ணை வாரித் தூற்றுவாள், வாயசைப்பாள். குரல் மட்டும் எழுப்ப மாட்டாள். அதைப் பின்னால் வேறொருத்தி கொடுப்பாள். "சீனியக்காவுக்கு வாயில பூட்டு, சாவி வீட்ல இருக்கு" என்று உடன்வரும் பெண்கள் கேலி செய்வார்கள்.

சாவி உண்மையில் வீட்டில்தான் இருந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் அவள் கணவன் முத்திருளனை வண்டியூர்க் கண்மாய்க் கரையில், மீன்பிடி ஏலத் தகராறில், பட்டப்பகலில் வெட்டினான் கருத்தக்கண்ணன். கஞ்சித் தூக்கோடு கரையேறிய சீனியம்மாள் கண்ணாரக் கண்டாள். முதல் வெட்டு தோளைப் பிளந்தது. கையில் ஆயுதமற்ற முத்திருளன் பாய்ந்து கட்டிப்பிடித்து, வெட்டியவனின் இடக்காதைப் பல்லால் கவ்விப் பாதியைப் பிய்த்தெடுத்தான். இரண்டாம் வெட்டு கழுத்தில் இறங்கியது. அவள் மடியில் தலையை ஏந்தியபோது, சொல்லாக வேண்டிய மூச்செல்லாம் குருதி நுரையாக வெளியேறிற்று. காதுத்துண்டு அவன் பல்லிடையிலேயே இருந்தது.

அந்தக் குடும்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெட்டுண்டு மாண்டவனுக்குப் பழிதீரும்வரை ஒப்பாரி வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் இழவு முடிந்தது. அதன்பின் அவன்பொருட்டு எவரும் அரிவாள் தூக்கக் கூடாது. பிணத்தை எடுக்குமுன் முத்திருளனின் தம்பி ஜெயபாண்டி அவள் வாயைத் தன் கையால் பொத்தினான்.

"அவன் பொணமா விழுகுற அன்னைக்கு அழுதுக்க, மதினி."

கருத்தக்கண்ணன் சிறை சென்றான்; விடுதலையானபின்னும் ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை. ஜெயபாண்டி காத்திருந்தான். தொடக்கத்தில் அவனைவிட ஆவலாகக் காத்திருந்தவள் சீனியம்மாள்தான். பின்னர் ஜெயபாண்டியின் மகள் நாகஜோதி அவள் வேலைபார்க்கும் கல்லூரியிலேயே சேர்ந்து, மத்தியானந்தோறும் சமையற்கட்டு வாசலில் "பெரியம்மா" என்று வந்து நிற்கத் தொடங்கினாள். அதுமுதல் அந்தக் காத்திருப்பே அவளுக்கு அச்சமாயிற்று. ஒரு தலை விழுந்தால் அடுத்த தலை எவர் வீட்டில் விழும் என்பதை அவள் அறிவாள்.

படப்பிடிப்பன்று காலை முதல் போர். பீய்ச்சிய செந்நீரில் களம் சேறாயிற்று. பஞ்சு திணித்த யானையொன்று துதிக்கை தொங்கச் சாய்ந்து கிடந்தது. வெயில் ஏற ஏற, ஓங்கிய கைகள் அடக்கம் இழந்தன. கேடயம் மோதி மெய்யாகவே மூக்குடைந்தவர்கள் உண்டு; ரப்பர் வாளென்றாலும் விலாவில் தடித்த தடங்கள் எழுந்தன. அன்று கூலிக்கு வந்து பாண்டியன் படையில் நின்ற ஜெயபாண்டி, எதிர்த்து வந்த ஒருவனை முழங்காலால் நெஞ்சில் மோதி யானையருகே வீழ்த்தினான். தலைக்கவசம் உருண்டது. பாதிக் காது தெரிந்தது.

வீழ்ந்தவன் சேற்றில் கண்மூடிக் கிடந்தான்; தன்னை வீழ்த்தியவனின் முகத்தை அவன் பார்க்கவில்லை. பெண்கள் வரும் காட்சி முடியும்வரை பிணங்கள் அசையக் கூடாதென்று ஒலிபெருக்கி அறிவித்தது. ஜெயபாண்டி இளநீர்க் குவியலுக்கு நடந்தான். சீவுகிறவர் குனிந்த சமயம் அவருடைய அரிவாளை எடுத்துப் போர்வீரன் கச்சைக்குள் செருகினான். சீனியம்மாளைக் கடக்கையில், நல்ல சேதி சொல்பவன்போல் தணிந்த குரலில் சொன்னான்.

"மதினி, ஒத்தக்காதன் ஆனைகிட்டக் கெடக்கான். ஷாட்டு முடியட்டும், வாரேன்."

சீனியம்மாள் அவன் கச்சையைப் பார்த்தாள். கூவி ஆளைத் திரட்டினால் அக்கணமே வெட்டிவிடுவான். அதற்குள் உதவி இயக்குநர் வந்து அவளைக் கைப்பிடித்து யானையருகே அமர்த்தினார். "இவருதாம்மா உங்க வீட்டுக்காரர். நல்லா அழுங்க."

கேமரா ஓடத் தொடங்கியது.

சீனியம்மாள் அந்த முகத்தைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். இரு கைகளாலும் அவன் மார்பில் அறைந்தாள். எலும்பு அதிர்ந்தது. மறுபடி அறைந்தாள். நகங்கள் கழுத்தில் பாய்ந்து கீறின. பூசிய சிவப்பின்மேல் மெய்யான சிவப்பு வழிந்தது. பத்து விரலும் அவன் குரல்வளையை நெரித்தன. அந்நிலையில்தான், அத்தனை ஆண்டும் அடைபட்டுக் கிடந்தது அவள் வாயை உடைத்துக்கொண்டு வந்தது.

"கண்மாய்க் கரையில சாஞ்ச மரமே, முத்திருளா,
கழுத்தறுந்து நீ கெடக்கக் கத்தாமப் போனேனே!
கஞ்சித் தூக்கு ஆறலயே, எங்கண்ணான ராசாவே,
காத்தோட ஒன் மூச்சு கலந்து போயிருச்சே!"

அப்பெயரைக் கேட்டுப் பிணம் துடித்தது. கருத்தக்கண்ணன் கண்திறந்து அவளைக் கண்டான். தள்ளிவிட அவனுக்கு வலு இருந்தது, தள்ளவில்லை. அவள் பாடிப் பாடி அறைந்தாள். களத்தில் கிடந்த பிணங்கள் பல தலைதூக்கிப் பார்த்தன. குரல் அற்றுப்போனபோதுதான் அவள் கை நின்றது.

ஷாட் முடிந்தது. எவரோ கைதட்டினார். ஜெயபாண்டி வெறிபிடித்தவனாய் வந்து நின்றான்.

"யாரைக் கேட்டு வாயைத் தொறந்த, மதினி?"

"எம் புருசனுக்கு அழுகுறதுக்கு யாரைக் கேக்கணும்? எழவு முடிஞ்சிருச்சு. இனி நீ வெட்டுனா அது அண்ணனுக்காக இல்ல, உனக்காக. போய் நாகஜோதிகிட்டச் சொல்லிட்டு வந்து வெட்டு."

அவன் அரிவாளை உருவினான். ஓங்கினான். கட்டுப்பாட்டை மீறத் தெரியாத கை திசைமாறி யானையின்மேல் இறங்கியது. வெட்டினான், வெட்டினான்; பஞ்சு பறந்தது, துதிக்கை துண்டாகி விழுந்தது, உள்ளிருந்த மரச்சட்டத்தில் அரிவாள் சிக்கிக்கொண்டது. செட் ஆட்கள் ஓடிவந்து அவனைப் பிடித்து ஏசினார்கள். கருத்தக்கண்ணன் கழுத்தைப் பொத்தியபடி எழுந்து, திரும்பிப் பாராமல் மேலூர் ரோட்டை நோக்கி நடந்தான்.

உதவி இயக்குநர் இன்னொரு முறை எடுக்க வேண்டுமென்றார். இனி அழுகை வராது என்றாள் சீனியம்மாள். தண்ணீர் லாரிக்குச் சென்றாள். குழாயைத் திறந்து, உடுத்திய வேடத்தோடு தலைமுழுகினாள். சேலையை நனைத்ததற்காக உடைக்காரர் திட்டிக்கொண்டிருந்தார். நீர் சிவந்து அவள் காலடியில் ஓடித் தெளியும்வரை அவள் குழாயை மூடவில்லை.