அம்மா சேர்த்த புள்ளடிகள்

கனடாவின் அஜக்ஸ் நகரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் தொங்கிய பலசரக்குக் கடை நாட்காட்டியின் ஜூன் மாதத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமைக் கட்டத்தில், "அவர், பகல் சாப்பாடு" என்று அம்மா எழுதியிருக்கிறார். ஆண்டு அச்சிட்ட பகுதி கிழிந்துவிட்டது. நான் அப்போது நாலாம் வகுப்பு என்பதால் ஆண்டைக் கணித்துக்கொள்ள முடிகிறது. பெயரை எழுத அம்மாவின் கை ஏன் மறுத்தது என்பதை அப்படிக் கணிக்க முடியவில்லை.

வரவிருந்தவர் இலங்கையில், எங்கள் ஊரில் ஓர் இயக்கத்தின் தளபதியாக இருந்தவர். துவக்கை ஒப்படைத்துவிட்டுக் கட்சி தொடங்கி, முதன்முறையாக நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். எங்களுக்கு அங்கே வாக்கு இல்லை. ஆனால் ஊரில் இருப்பவர்கள் வாக்குச்சீட்டில் யாருக்குப் புள்ளடி போடுவது என்பதில் பாதியை ரொறன்ரோவிலிருந்து போகும் தொலைபேசிதான் தீர்மானிக்கும். அதனால் வேட்பாளர்கள் விமானம் ஏறி வந்து எங்கள் வீடுகளில் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அம்மாவின் ஒரே தம்பி பத்தொன்பது வயதில் அவருடைய இயக்கத்துக்குப் போனவர். அதன் பிறகு சேதி இல்லை. மாமா இருக்கிறாரா இல்லையா என்பது யாருக்காவது தெரியுமென்றால் அது அவருக்குத்தான்.

அவர் சாப்பிட வந்த அன்று எனக்குப் பெருநாள். அப்பா இரண்டு வேலை செய்தார். அயலில் எல்லோரும் காரோடு கராஜுக்குள் போய்க் கதவை இறக்கிவிடுவார்கள். பள்ளி விட்டு வந்தால் தொலைக்காட்சியும் நானும்தான். அந்த வீட்டில் அன்று ஸ்காபரோவிலிருந்து அப்பாவின் நண்பர்கள் நிறைந்திருந்தார்கள்.

"அங்கிள், நீங்க ஆமியோ?" என்று கேட்டேன்.

"இல்லையம்மா, இப்ப நான் வேட்பாளர்."

"அண்ணை அப்ப கட்டளை போட்டார், இப்ப கும்பிடு போடுறார்," என்றார் அப்பாவின் நண்பர் ஒருவர். எல்லோரையும்விட வேட்பாளரே பெரிதாகச் சிரித்தார். நண்டுக் கறியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்.

அவர் கை கழுவி வந்த பிறகுதான் அம்மா மாமாவின் படத்தைக் கொண்டுவந்தார். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். "கட்டாயம் விசாரிப்பம் தங்கச்சி. முதல்ல வெல்லவேணும். பதவி இல்லாதவனுக்கு ஆர் பதில் சொல்லுவினம்?" என்றார். கூட வந்தவர் கைபேசியில் அந்தப் படத்தைப் படம் பிடித்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அம்மா ஊருக்கு அழைக்கத் தொடங்கினார். கறி வெட்டியபடி, உடுப்பு மடித்தபடி, ஒலிபெருக்கியில் போட்டுப் பேசுவார். ஒருநாள் பெரியம்மாவின் குரல் சமையலறை முழுக்கக் கேட்டது.

"எங்கட தம்பியைக் கூட்டிக்கொண்டு போனவனுக்கோடி புள்ளடி போடச் சொல்லுறாய்?"

"ஓம். அவருக்குத்தானே தெரியும். உங்கட வீட்டில அஞ்சு வோட்டும் அவருக்குத்தான்."

அம்மாவுக்கு அந்த அங்கிளை மிகவும் பிடித்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வாக்களிப்புக்குச் சில நாள்களுக்கு முன் அவருடைய தேர்தல் பிரசுரம் அம்மாவின் கைபேசிக்கு வந்தது. முதலில் பார்த்தது நான். அவருடைய பெரிய படத்துக்குக் கீழே சின்னச் சின்ன முகங்கள் இரண்டு வரிசை. இரண்டாவது வரிசையின் கடைசியில் மாமா.

"அம்மா! மாமா வந்திட்டார்!" என்று ஓடினேன். முகங்களுக்கு மேலே இருந்த வரியைத் தமிழ் வகுப்பில் பழக்கியபடி எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தும் காட்டினேன். "மண்... ணுக்காக... உயிர்... தந்த... எம்... தோழர்கள்."

அம்மா கைபேசியை வாங்கவில்லை. "நல்லா வாசிக்கிறாய்," என்றார். பிறகு அடுப்பை அணைத்தார். கறி இன்னும் வேகவில்லை என்பது மட்டும்தான் எனக்கு விசித்திரமாகப் பட்டது.

அதன் பிறகு அம்மா யாரையும் அழைக்கவில்லை. பெரியம்மாவே எடுத்து, "என்ன பிள்ளை, அவருக்குத்தானே?" என்று கேட்டபோது, "உங்கட விருப்பம்," என்று சொல்லி வைத்துவிட்டார். நான் முதன்முதலாகப் பிழையில்லாமல் வாசித்தது அந்தப் பிரசுரத்தின் வரியைத்தான். அதற்கு ஏன் ஒரு முத்தம்கூடக் கிடைக்கவில்லை என்று பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் வென்றார். மாமாவின் முடிவு அவருக்குத் தெரிந்திருந்து, சொல்ல வாயில்லாமல் பிரசுரத்தின் வழியாகச் சொன்னாரா, அல்லது வரிசையில் ஒரு முகம் குறைகிறதென்று பிரசுரம் செய்தவர் எங்கள் வீட்டில் பிடித்த படத்தைச் சேர்த்துவிட்டாரா என்று வளர்ந்த பிறகு அவருடைய அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. மாமா இறந்தார் என்பதற்கு அந்தப் பிரசுரத்தைத் தவிர வேறு ஆதாரம் என்னிடம் இல்லை. அதை உறுதிப்படுத்த இன்றுவரை முடியவில்லை.