வடக்கு பஸ்ஸா, தெற்கு பஸ்ஸா

பத்திரிகைத் தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு: இரண்டு பக்கத்து நியாயத்தையும் எழுதிவிட்டு, முடிவைப் படிக்கிறவர் தலையில் கட்டிவிட்டு, நாம் வீட்டுக்குப் போய்விடலாம். எங்கள் நாளிதழின் சாத்தூர் கிளையிலிருந்து இருபத்தைந்து வருடம் நான் அப்படித்தான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இந்த வருடம் தலைமை அலுவலகம் அதில் மண்ணைப் போட்டது. ‘உயர்கல்வி உதவி மேஜை’ என்று ஒன்றைத் திறந்து, அதற்குப் பின்னால் என்னை உட்காரவைத்தது. வீட்டில் கல்லூரி வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஜூன் மாதத்தைத் தாண்டி வந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

எதில் டிக் அடிப்பது

மேஜைக்கு வந்த சந்தேகம் பெரும்பாலும் ஒன்றுதான். எங்கள் ஊரிலிருந்து நாற்கரச் சாலையில் வடக்கே போனால் ஒரு அரசுப் பல்கலைக்கழகம். அதே சாலையில் தெற்கே போனால் இன்னொன்று. ஏறக்குறைய ஒரே தூரம், ஒரே கட்டணம், ஒரே பாடம். ஊரில் யாரும் அவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. சாலைக்கு இந்தப் பக்கம் நின்றால் வடக்கு பஸ், அந்தப் பக்கம் நின்றால் தெற்கு பஸ். பல்கலைக்கழகத்துக்கும் அதுவே பெயர்.

முதலில் வந்தவர் கிரேஸ் டீச்சர். அவர் மகனுக்கு இரண்டிலும் இடம் கிடைத்திருந்தது. நான் அரை மணி நேரம் பேசினேன். வடக்கே நூலகம் பெரிது, ஆனால் தெற்கே இருப்பது புதிது. வடக்கே பழைய பேராசிரியர்கள் இருக்கிறார்கள், தெற்கே இளைஞர்கள் இருக்கிறார்கள். பழையதிலும் ஒரு நன்மை உண்டு, இளமையிலும் ஒரு நன்மை உண்டு. டீச்சர் முதல் ஐந்து நிமிடம் குறிப்பெடுத்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டென்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்:

“சார், நீங்க சொன்னதைப் பேப்பர்ல போட்டா நல்லாத்தான் இருக்கும். எனக்கு எதுல டிக் அடிக்கன்னு சொல்லுங்க.”

மருந்து படிக்கிற பிள்ளை

மூன்றாம் நாள் வேலுச்சாமி வந்தார். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டேன். அவர் அதைத் தூக்கிக்கொண்டு போய் வாசலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். “என் மக மருந்து படிக்கா சார். மேல படிக்க ரெண்டு இடத்துலருந்தும் கூப்பிட்டிருக்காக” என்றார்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மருந்தாளுநர் படிப்பைப் பற்றி முந்தின வாரம்தான் முழுப் பக்கம் எழுதியிருந்தேன். ஆஸ்பத்திரி வேலை, சொந்தக் கடை, மாத்திரைக் கம்பெனி என்று கடகடவென்று சொன்னேன். எவ்வளவு பொறுமையான மனிதர். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில், “சார், நீங்க சொல்றது காய்ச்சலுக்குக் குடிக்கிற மருந்து. நான் சொல்றது நாங்க கம்பெனியில கலக்குறது” என்றார். பிள்ளை முடித்திருந்தது பி.எஸ்.சி. வேதியியல். அந்த வீட்டில் வேதியியலுக்கு மருந்து என்று பெயர். ‘மருந்து உராய்ந்து விபத்து’ என்று இருபத்தைந்து வருடம் எழுதியவனுக்கு, கல்வி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்ததும் அந்தச் சொல்லின் உள்ளூர் அர்த்தம் மறந்துபோயிருக்கிறது.

எழுந்தவர் நேராகப் போகவில்லை. எங்கள் அலுவலகத்தின் பின்கதவைப் பார்த்தபடி நின்றார். அதை மறைத்து, நெஞ்சளவுக்குப் பழைய பேப்பர் கட்டுகள் அடுக்கியிருந்தன. நான் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அவை அங்கேதான் வளர்ந்துகொண்டிருந்தன.

“பின்னாடி கதவு இருக்கு, வழி இல்லையே சார். இது எங்க கம்பெனியா இருந்தா லைசென்ஸைப் புடுங்கிருப்பாக.”

இரண்டு பத்தி

மறுநாள் மகள் மகேஸ்வரியே வந்தாள். வாக்கியத்தைத் தொடங்கும்போதே அடுத்த வாக்கியத்துக்கு ஓடுகிற பேச்சு. இரண்டு அனுமதிக் கடிதங்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். நிலவரம் இதுதான்: வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இரண்டில் ஒன்றை இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். தவறினால் இரண்டு இடமும் போய்விடும். போனால், அவள் அம்மா வேலை பார்க்கிற பெட்டி ஒட்டும் ஷெட்டில் ஆள் கேட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு அவள் படிப்பதில் சம்மதம். ஆனால், கண்ணால் பார்க்காத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பமாட்டேன் என்கிறார்.

நான் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பத்தி வடக்கு, வலது பத்தி தெற்கு. பாடத்திட்டம், விடுதி, ஆய்வுக்கூடம், பஸ் வசதி என்று வரிசையாக எழுதினோம். எழுதி முடித்துப் பார்த்தால் இரண்டு பத்தியும் ஒரே பத்தி. இரண்டு பல்கலைக்கழகங்களின் கையேட்டு அட்டையிலும் மரங்களுக்கு நடுவே ஒரு சாலை, அதில் புத்தகத்தோடு சிரிக்கும் மூன்று பெண்கள். “அந்தப் பிள்ளைக கூட ஒண்ணா இருக்குமோ சார்?” என்று மகேஸ்வரி உற்றுப் பார்த்தாள். எங்கள் புகைப்படக்காரர் ஜெபராஜ் தாளை வாங்கி, மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவருக்குச் சொந்த ஊர் விருதுநகர். எதையும் எண்ணெயில் பொரித்த பரோட்டாவை வைத்துத்தான் அளப்பார்.

“ரெண்டு ஊர்க்காரனுக்கும் பரோட்டாவைப் பொரிக்கத் தெரியாது தாயி. அப்புறம் எங்க போனா என்ன?”

வடக்கே: இன்ஸ்பெக்டர்

புதன்கிழமை வேலுச்சாமி விடுப்புப் போட்டார். சீசன் ஆர்டர் நேரத்தில் அவருக்கு அது லேசான காரியமில்லை. கட்டுரை எழுதுகிறேன் என்ற சாக்கில் நானும் ஒட்டிக்கொண்டேன். மூவரும் வடக்கு பஸ் ஏறினோம். போய்ச் சேரும்வரை மகேஸ்வரி ஜன்னலோரம் கால் தரையில் படாமல் உட்கார்ந்திருந்தாள்.

விடுதிக் காப்பாளர் அம்மா நல்ல மாதிரி. சாப்பாட்டுக் கூடம், தண்ணீர் வசதி, கண்காணிப்புக் கேமரா எல்லாவற்றையும் காட்டினார். வேலுச்சாமி எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. “ரூமுக்கு எத்தனை ஆளு?” என்று கேட்டார். “மூணே பேர்தாங்க. நெரிசலே இருக்காது.” “நாலு வரைக்கும் இருக்கலாம்” என்று பெருந்தன்மையாக அனுமதித்தார். பட்டாசு ரூமில் ஒரு நேரத்தில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அவருக்கு மூச்சு மாதிரி. பிறகு கதவைப் பிடித்து ஆட்டி, “இது உள்ள தொறக்குதே, அவசரத்துக்கு வெளியத்தானே தொறக்கணும்?” என்றார். ஆய்வுக்கூடத்தில் அவர் முகம் மலர்ந்தது. எதிரெதிரே இரண்டு கதவு. இரண்டும் வெளிப்பக்கம் திறந்தன. “எதுக்கு ரெண்டு வச்சிருக்காக?” என்று அங்கிருந்த ஊழியரிடம் கேட்டார். “கட்டும்போதே அப்படித்தான்” என்றார் அவர். வேலுச்சாமி இரண்டு கதவையும் ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தார்.

காப்பாளர் அம்மா மகேஸ்வரியைத் தனியாக அழைத்துக் காதில் கேட்டது எனக்கும் கேட்டது:

“உங்க அப்பா எந்த டிபார்ட்மென்ட்ல இன்ஸ்பெக்டரா இருக்காரும்மா?”

தெற்கே: ஒரு பீரோ

வியாழக்கிழமை சாலையைக் கடந்து அந்தப் பக்கம் நின்று தெற்கு பஸ் ஏறினோம். விடுதியில் அதே மூன்று பேர், உள்ளே திறக்கிற அதே கதவு. நான் தாளை எடுத்து ‘மேற்படி’ என்று எழுதிக்கொண்டேன். ஆய்வுக்கூடத்திலும் எதிரெதிரே இரண்டு கதவுதான். ஆனால், இரண்டாவது கதவை மறைத்து ஒரு இரும்பு பீரோ நின்றது. உள்ளே பழைய ரெக்கார்டு நோட்டுகள்.

வேலுச்சாமி நடுக்கூடத்தில் நின்றுவிட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். மறுநாள் ஐந்து மணிக்குக் கெடு. மனிதர் இப்போது, ரெண்டும் வேண்டாம், வீட்டுக்கு வா என்று சொன்னால் என்ன செய்வது? அவர் வாயைத் திறப்பதற்குள் மகேஸ்வரி முந்திக்கொண்டாள். “மேடம், அந்தக் கதவு தொறக்காதா?” என்று கூடத்தைக் காட்டிக்கொண்டிருந்த பேராசிரியையைக் கேட்டாள். “இங்கன அமிலம் வச்சிருக்கீக, கேஸ் வச்சிருக்கீக. முன்வாசல் பக்கம் தீப்பிடிச்சா உள்ள இருக்கிறவுக எங்கிட்டுப் போவாக?”

பேராசிரியை பீரோவைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். “தினமும் பாக்குறேன், எனக்குத் தோணலையே” என்று சொல்லிவிட்டு, சேலை முந்தானையை இழுத்துச் செருகினார். ஆய்வுக்கூட ஊழியரைக் கூப்பிட்டார். வேலுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். ஊழியர் ஒரு பக்கம், அப்பாவும் மகளும் ஒரு பக்கம், பேராசிரியை பின்னாலிருந்து. “மெதுவா, மெதுவா, உரசாம” என்று வேலுச்சாமி கட்டளை போட, நோட்டுகளோடு சேர்ந்து பீரோ நகர்ந்தது. கதவு முதல் தள்ளுக்கு முனகியது, இரண்டாவதுக்குத் திறந்தது. வெளிச்சமும் ஒரு வேப்பமரமும் அதற்கப்பால் ஒரு டீக்கடையும் தெரிந்தன. ஊழியர் வாசலில் நின்று வாய் பிளந்தார்:

“டீக்கடை இம்புட்டுப் பக்கமா? எட்டு வருசமா சுத்தில்ல போயிருக்கேன்.”

வெள்ளி, ஐந்து மணிக்குள்

பஸ்ஸில் திரும்பும்போது வேலுச்சாமி, “நாளைக்கு வேலை முடிஞ்சு வந்து சொல்றேன்” என்றதோடு சரி. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே மகேஸ்வரி மேஜைக்கு வந்துவிட்டாள். கணினியில் இரண்டு பக்கங்களையும் திறந்து வைத்தோம். இரண்டும் நீல நிறம். இரண்டின் உச்சியிலும் வட்டத்துக்குள் ஒரு சின்னம். நாலு மணி ஆனது. நாலேகால். ஜெபராஜ் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தார். மகேஸ்வரி கடிதத்தின் உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். நாலே முக்காலுக்கு வேலுச்சாமி வந்தார். கை முழுக்க அலுமினியப் பொடியின் மினுமினுப்பு. கழுவக்கூட நிற்காமல் வந்திருக்கிறார்.

“வடக்கேதானே அண்ணாச்சி?” என்றேன். “அங்கதான் ரெண்டு கதவும் சரியா இருந்துச்சு.”

அவர் நாற்காலியை வாசலுக்கு நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். “கதவு சரிதான் சார். எதுக்கு ரெண்டு கதவுன்னு கேட்டா அங்கன யாருக்கும் தெரியல. தெக்க, தப்பு இருந்துச்சு. புள்ள சொல்லுச்சு, உடனே நகட்டுனாக. நாளைக்கு அது இன்னொன்னு சொன்னாலும் கேப்பாக. சொன்னாக் கேக்குற ஆளுககிட்டத்தான் மருந்தோட புள்ளைய விடலாம்.” பிறகு மகளைப் பார்த்து, “நீ என்ன தாயி சொல்ற?” என்றார்.

“நான் பீரோவைத் தள்ளும்போதே முடிவு பண்ணிட்டேன்ப்பா. நீங்க சொல்லட்டும்னு இருந்தேன்.”

நான் திரையில் அம்புக்குறியைக் கொண்டுபோய்ப் பொத்தான் மேல் வைத்தேன். அழுத்தப் போன விரலை மகேஸ்வரி பாய்ந்து பிடித்தாள். “சார், சார், அது வடக்கு.” இரண்டு நீலத்தில் நான் போனது வேறு நீலம். இருபத்தைந்து வருடம் பிழை திருத்திய கண். மவுஸை அவளிடமே கொடுத்துவிட்டேன். அவள் பக்கத்தை மாற்றி, பெயரை ஒருமுறை விரலால் தொட்டுப் படித்து, அழுத்தினாள். வட்டம் சுற்றியது. நாலே ஐம்பத்தைந்து. சுற்றியது. ஜெபராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். நாலே ஐம்பத்தேழுக்கு, ‘உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் வந்தது. மகேஸ்வரி அதை மூன்று முறை வாய்விட்டுப் படித்தாள். வேலுச்சாமி அவள் தலையில் கையை வைத்தார். எடுத்தபோது தலைமுடியில் வெள்ளி ஒட்டியிருந்தது.

புறப்படும்போது அவர் மறுபடியும் எங்கள் பின்கதவைப் பார்த்தார். கட்டுகள் அப்படியே இருந்தன. ‘வெளியேற வழியில்லாமல்’ என்று நான் எழுதிய செய்திகளில் பலவும் அந்தக் கட்டுகளுக்குள்தான் இருக்கின்றன.

“பீரோவை நகட்டியாச்சு. இதை எப்ப சார் நகட்டப் போறீக?”

சனிக்கிழமை காலையில் ஜெபராஜும் நானும் கட்டுகளை வெளியேற்றினோம். இரண்டு பக்கமும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவன், இப்போது இரண்டு பக்கமும் கதவு திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.