கோணக் கோப்பை

மரப்பெட்டியைத் தூக்கியதுமே தெரிந்துவிட்டது. கனமில்லை. நாடாவை அவிழ்த்துப் பார்த்தேன். கோப்பையைச் சுற்றி வைத்திருந்த மஞ்சள் துணி மட்டும் பாந்தமாக மடித்தபடி கிடந்தது.

என்னிடம் ஐந்து ஜப்பானியக் கோப்பைகள் உண்டு. ஐந்தையும் வனைந்தவர் ஒரே பெண். கல்லூரி வேலையாக இரண்டு வாரம் அந்த நாட்டுக்குப் போனபோது முதல் கோப்பையை அவர் கையாலேயே வாங்கினேன். மற்றவை வருஷக்கணக்கில் காத்திருந்து தருவித்தவை. எப்போதாவது ஒருமுறைதான் சூளை வைப்பார், தேறுவது கொஞ்சம், அதற்கும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் காத்திருப்பார்கள். காணாமல் போனது அந்த முதல் கோப்பை. கைப்பிடி கிடையாது. விளிம்பு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருக்கும். விறகுச் சாம்பல் பறந்து விழுந்து, உருகி, பச்சையாக வழிந்து பாதியில் நின்றிருக்கும். அதற்குக் கீழே வெறும் மண். நடுவில் ஒரு பள்ளம், அவருடைய கட்டைவிரல் அழுந்திய இடம். என் கையைப் பிடித்து, அந்தப் பள்ளத்தில் என் கட்டைவிரலை வைத்து, இப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று காட்டினார். பெட்டி மூடியில் தூரிகையால் கையெழுத்தும் போட்டுத் தந்தார்.

தேனியில் என் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை நடந்ததால், ஐந்தையும் சுருளிப்பட்டியில் அம்மா வீட்டு பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். பத்திரமாக என்று நினைத்தேன்.

"அந்தக் கோணக் கப்பா? தோட்டத்துல கெடக்கு" என்றாள் அம்மா, வெங்காயம் உரித்துக்கொண்டே. "மத்த நாலும் பரவால்ல. அது ஒண்ணு சூளையிலேயே வீணாப்போனது. எவனோ உன் தலையில கட்டிட்டான். அங்கன இருந்த டம்ளரு ஓட்டையாப் போச்சு, அதான் எடுத்துக் குடுத்தேன்."

எனக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். "யாரைக் கேட்டுக் குடுத்த?" என்றேன்.

"உடைஞ்சாலும் கவலைப்படாத பொருளைத்தான அங்கன வைக்க முடியும்? டீ போட்டு வச்சிருக்கேன். போறதுன்னா தூக்குவாளியை எடுத்துட்டுப் போ."

அங்கன என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் திராட்சைத் தோட்டத்தில் பல வருஷமாக வேலை செய்யும் ஓர் அக்காவுக்குத் தனி டம்ளர் உண்டு. அது மோட்டார் ரூம் வெளிச்சுவர் மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கும். டீ வீட்டிலிருந்து போகும், டம்ளர் போகாது. அடுக்களையில் இருபது டம்ளர் அடுக்கியிருந்தாலும் அதில் ஒன்று அந்த மாடத்துக்குப் போகாது. இதெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது என்று கல்லூரியில் யாராவது கேட்டபோதெல்லாம் நானும் சேர்ந்து தலையாட்டியிருக்கிறேன்.

வாளியோடு வேகமாக நடந்தேன். தோட்டத்தில் மாடமும் சிமெண்ட், தொட்டியும் சிமெண்ட், தரையும் சிமெண்ட். ஒருமுறை கை நழுவினால் போதும். வழியெல்லாம் கோப்பை உடையும் சத்தம்தான் காதில் கேட்டது.

அந்த அக்கா பந்தலுக்கு அடியில் இலை கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். என் கையில் வாளியைப் பார்த்ததும் தொட்டியில் கை கழுவிவிட்டு மாடத்திலிருந்து கோப்பையை எடுத்து வந்தார். முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

அவர் கோப்பையை நீட்டினார். நான் ஊற்றினேன். வாளி கோப்பையில் பட்டுவிடாமல் என் கை தானாக ஒரு சாண் உயர்ந்தது. அம்மா அப்படித்தான் ஊற்றுவாள். நான் எப்போது கற்றுக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவருடைய கட்டைவிரல் சரியாக அந்தப் பள்ளத்தில் இருந்தது. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

"டம்ளருன்னா கை சுடும், முந்தானையில பிடிக்கணும். இது சுடல தாயி" என்றார். "அம்மா நல்லதாப் பாத்துத்தான் குடுத்திருக்காக."

அவர் குடித்து முடிக்கும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சொன்னேன்.

"அக்கா, அது என்னோடது. அம்மா தெரியாம எடுத்துக் குடுத்துட்டாக."

அவர் தொட்டித் தண்ணீரில் இரண்டு தரம் கழுவி, முந்தானையால் துடைத்தார். நான் கையை நீட்டினேன். அவர் என் கையில் கொடுக்கவில்லை. தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"சோப்புப் போட்டு ஒருக்காக் கழுவிக்கங்க தாயி" என்றார்.

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனால் கோப்பை கிடைத்த சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அது காணாமல் போனபோது வந்த கோபம், அந்த மாடத்தில் இத்தனை வருஷம் டம்ளர் இருந்ததற்கு ஒருநாளும் வந்ததில்லை.

வீட்டு வாசலில் அம்மா மறித்தாள். "அதை அடுப்படிக்குள்ள கொண்டு போகாத. அவ குடிச்சது." நான் நேராகப் பெட்டியில் வைத்து நாடாவைக் கட்டினேன்.

மறுநாள் காலை ஐந்து பெட்டிகளையும் காரின் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு தேனிக்குக் கிளம்பினேன். தோட்டத்து வளைவில் அந்த அக்கா தொட்டியோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டிய அடிப்பக்கம் கையில் இருந்தது. சூட்டில் அது நெளிய, கை மாற்றிக் கை மாற்றி ஊதிக் குடித்தார். என் காரைக் கண்டதும் மரியாதைக்கு எழுந்து நின்றார்.

நான் காரை நிறுத்தவில்லை.