மாரிச்சாமி நெஞ்சில் விழாத கைத்தடம்

சடுகுடுவுக்கு விசில் ஊதுகிறவனைத் தோற்ற ஊர் ஏசும். ஜெயித்த ஊரும், இன்னும் நிறைய ஜெயித்திருப்போம் என்று ஏசும். இரண்டு பேருக்கு நடுவே நின்று தீர்ப்புச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவரா நீங்கள்? அப்படியென்றால் நாம் ஒரே கட்சி. ஐம்பதுகளின் கடைசியில் நான் விருதுநகரில் டிரில் வாத்தியார். சாயங்காலமானால் சிவகாசிப் பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது வந்து, விசிலோடு என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

முதுகில் பூவாணம்

விஸ்வநத்தத்து மாரிச்சாமி பாடிப் போனால் எதிரணி தானாகவே பின்வாங்கும். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். வேலை விட்டதும் குளிக்காமல் கொள்ளாமல் நேரே களத்துக்கு வந்துவிடுவார். கையெல்லாம் அலுமினியப் பொடி அப்பியிருக்கும்.

ஒரு நாள் அவர் தொட்டுவிட்டு வந்த ஆள், "தொடவே இல்ல" என்று சாமிமேல் சத்தியம் செய்தார். நான் அவரைத் திருப்பி நிறுத்தினேன். வேர்த்த முதுகில் ஐந்து விரலும் பளபளவென்று பதிந்திருந்தன. கூட்டம் சிரித்த சிரிப்பில் அந்த அணித் தலைவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"சார், கம்பெனி ஆளக் குளிச்சிட்டு வரச் சொல்லுங்க. எங்க பய முதுகுல பூவாணம் விட்டுட்டுப் போறாரு!"

விட்ட கால்

அச்சங்குளத்து அணியில் கருப்பையா என்று ஒருவர். அவரும் மருந்து கலக்குகிறவர்தான். மாரிச்சாமியை விட வயதில் மூத்தவர். ஒரு ஆட்டத்தில் பாடி வந்த அவருடைய காலை மாரிச்சாமி பிடித்துவிட்டார். மூச்சு முறியும் வரை பிடித்திருந்தால் போதும். ஆனால் அது மூச்சு முறிந்ததோடு நிற்கவில்லை. கருப்பையா இருமத் தொடங்கினார், நிறுத்த முடியவில்லை.

நான் அவுட் கொடுத்தேன். மாரிச்சாமி அதைக் காதில் வாங்காமல், அவரைத் தூக்கி உட்கார வைத்து நெஞ்சை நீவிவிட்டார். மருந்து வேலையை விடாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று கருப்பையாவிடம் டாக்டர் சொல்லிவிட்டாராம். வேறு வேலைக்கு எங்கே போவார்?

மாரிச்சாமி சொன்னார்: "நமக்குக் களத்துல மூச்சு விட்டாத்தான் அவுட்டு சார். அண்ணனுக்கு அந்த மருந்து ரூமுக்குள்ள மூச்சு விட்டாலே அவுட்டு."

கழுவாத கை

மறு வருஷம் பொங்கலுக்கு ஒரு பஸ் கம்பெனி முதலாளி ஆட்டம் பார்க்க வந்தார். கம்பெனி அணிக்கு ஓர் ஆள் வேண்டும், அவருக்குக் கண்டக்டர் வேலை. அது மாரிச்சாமிக்குத்தான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது.

கடைசிப் பாட்டு. விஸ்வநத்தத்தில் மாரிச்சாமி மட்டும்தான் பாக்கி. கருப்பையா பாடி வந்து கையை வீசிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்குத் திரும்பினார். நான் பார்த்தவரை தொடவில்லை. மாரிச்சாமியோ, "தொட்டுட்டாரு, நான் அவுட்டு" என்று கையைத் தூக்கிவிட்டார். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கருப்பையா கை நிறைய அலுமினியம். மாரிச்சாமி நெஞ்சில் வேர்வையைத் தவிர ஒன்றுமில்லை.

"தடத்தக் காணோமேப்பா?" என்றேன் மெதுவாக.

"அண்ணன் இன்னைக்குக் கையக் கழுவிட்டு வந்திருக்காரு சார். ஊதுங்க."

நீள விசில்

ஊதினேன். மாரிச்சாமியையே வீழ்த்திய ஆள் என்று கருப்பையாவை முதலாளி அங்கேயே தோளில் தட்டி வேலைக்கு எடுத்துக்கொண்டார். மாரிச்சாமி மறுநாள் வழக்கம்போல் மருந்து அறைக்குப் போனார்.

வெகுகாலம் கழித்துச் சாத்தூர் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் ஒரே மூச்சில் நீளமாக விசில் ஊதினார். இருமலே இல்லை. நான் இறங்கும்போது கருப்பையா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

"அன்னைக்கு நான் கையக் கழுவல சார். உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்."

விசில் ஊதிய காலமெல்லாம் நான் வாங்கிய ஏச்சில், அந்தப் பொங்கலுக்கு விஸ்வநத்தத்துக்காரர்கள் ஏசியது ஒன்றுதான் நியாயமான ஏச்சு, எனக்கு இன்றுவரை பிடித்ததும் அது ஒன்றுதான்.